அடுப்பங்கரைக் கேள்விகள்: விறகு காயட்டும்

சென்ற மாதம் வெந்நீர் அடுப்பைப் பற்றிச் சொல்லும்போது, "காய்ந்த விறகும் அடியில் காற்றும் இருந்தால் புகை பாதியாகும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாதி அந்த ஒரு வரிக்கு வந்தவை. அதனால் இந்த இதழ் முழுக்க விறகுதான். புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் சிவகங்கை மாவட்டத்தில் 34 வருடம் கிராம சேவிகாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதற்கும் முன்னால் விறகுக்கடைக்காரர் மகள்.

சிலிண்டர் விலைக்குப் பயந்து பாதிச் சமையல் விறகில்தான். வெட்டின கருவையை அப்படியே வண்டியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அடுப்பு எரிந்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை. கைக்குழந்தை வேறு இருக்கிறது. விறகை விட்டுவிடலாம் என்றால் மாமியார் சம்மதிக்கவில்லை. என்ன செய்வது? (ஆர்.எம்., இளையான்குடி)

முதலில் குழந்தையைப் பார்ப்போம் தாயி. அடுப்பு எரிகிற நேரத்தில் குழந்தை அந்த இடத்திலேயே இருக்கக் கூடாது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதாங்குழல் ஊதுகிற பெண்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு மழைக்காலம் முழுக்கச் சளியும் இழுப்பும்தான். வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதனால் பால் காய்ச்சுவது, காலை நேர அவசரச் சமையல் எல்லாம் கேஸில் இருக்கட்டும். வெந்நீர், பருப்பு வேகவைப்பது, மாட்டுக்குக் கஞ்சி, இவற்றைக் கொல்லையில் ஒரு சாய்ப்புக்குக் கீழே விறகில் வைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கும் இது ஒத்துவரும். விறகை விடச் சொல்லவில்லை, இடத்தைத்தான் மாற்றுகிறோம்.

அடுத்து, "வெட்டின கருவையை அப்படியே" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கண்ணீருக்குக் காரணம் அதுதான். போன மாசியில் எங்கள் கொல்லையில் வெட்டிய சீமைக்கருவையில் சரியாக 10 கிலோ நிறுத்து, பிளந்து, கயிறு கட்டி ஓட்டுச் சாய்ப்பில் தனியாக வைத்தேன். வைகாசி கடைசியில் அதே தராசில் தூக்கினால் 7 கிலோ. காணாமல் போன 3 கிலோவும் தண்ணீர். ஈர விறகை அடுப்பில் வைத்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாகி முடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் உங்கள் உலைக்குச் சூடு கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிப் போக்குகிற வெப்பத்தைக் கொண்டு எட்டு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரலாம். அவ்வளவும் புகையோடு வெளியே போகிறது.

அப்பா கடையில் ஈர விறகுக்கு ஒரு விலை, காய்ந்ததற்கு ஒரு விலை. வருகிறவர்கள் விலை குறைவென்று ஈரத்தையே கேட்பார்கள். "தண்ணிக்கா காசு கொடுக்கிறீக?" என்பார் அப்பா. கேட்கமாட்டார்கள். பிறகு இரண்டு கட்டையைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டுவார். காய்ந்தது டங்கென்று ஒலிக்கும். ஈரம் தொப்பென்று அமுங்கும். இன்றைக்கும் நான் விறகு வாங்கும்போது தட்டித்தான் பார்க்கிறேன். வெட்டுமுகத்தில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விட்டிருக்கிறதா, பட்டை கையால் இழுத்தாலே உரிகிறதா என்றும் பாருங்கள். எரியும்போது மறுமுனையில் நுரை தள்ளிச் சீறினால் அது ஈரம்.

காயவைப்பது பெரிய வேலை இல்லை. முழுக்கட்டையாகப் போட்டால் பட்டை ஈரத்தை விடாது. பிளந்துவிட்டுத்தான் அடுக்க வேண்டும். தரையில் படாமல் இரண்டு கல்லின் மேல், ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில். மேலே மட்டும் கூரை, பக்கவாட்டில் திறப்பு. தார்ப்பாயைச் சுற்றிக் கட்டி மூடிவிடுகிறவர்கள் பலர்; உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தை, மாசியில் வெட்டி அடுக்கினால் சித்திரை வெயில் முழுவதும் அதற்குத்தான். ஐப்பசி அடைமழையில் பக்கத்து வீட்டில் ஊதிக்கொண்டிருக்கும்போது உங்கள் வீட்டில் ஒரே தீக்குச்சியில் பற்றும். வண்டிக்காரரிடம் இந்த வருடத்துக்கு வேண்டியதைப் போன வருடமே வாங்கிப் போடுகிற பழக்கத்துக்கு வந்துவிடுங்கள்.

அப்புறம் அடுப்பு. உங்கள் மண் அடுப்பின் அடியில் நாலு இரும்புக் கம்பியைக் குறுக்கே வைத்து, அதன் மேல் விறகு எரிகிற மாதிரி செய்யுங்கள். சாம்பல் கீழே விழும், காற்று கீழிருந்து வரும். கட்டைவிரல் கனத்திலிருந்து மணிக்கட்டு கனம் வரைதான் விறகு. அடுப்பு வாயை விறகால் அடைக்காதீர்கள். பானைக்கு மூடி போடுங்கள். இவ்வளவும் செய்து ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.

1980-களில் எங்கள் வீட்டில் அரசாங்கம் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்தது. இரண்டே வருடத்தில் அம்மா இடித்துவிட்டார். இப்போது மறுபடி "மேம்பட்ட அடுப்பு" என்கிறீர்கள். ஏன் நம்ப வேண்டும்? (எஸ்.வி., மேலூர்)

ஐயா, உங்கள் வீட்டு அடுப்பை நான் கட்டவில்லை. ஆனால் அதே மாதிரி அடுப்புகளை என் கையால் கட்டியிருக்கிறேன், அவற்றில் பல இடிக்கப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

1983-84-ல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புக்கென்று தேசியத் திட்டம் தொடங்கியது. 2002 வரை நடந்தது. நாடு முழுவதும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அதில் வந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாதத்துக்கு இத்தனை அடுப்பு என்று எனக்கொரு கணக்கு இருந்தது. மண்ணையும் வைக்கோல் தூளையும் சாணியையும் மிதித்து, அச்சு வைத்து, இரண்டு குழி விட்டு, பின்னால் புகைபோக்கிக் குழாய் செருகி, அரை நாளில் ஒரு அடுப்பை முடிப்போம். புகைப்படம் எடுப்போம். அடுத்த தெருவுக்குப் போவோம்.

ஒரு ஊரில் கிழவி ஒருவர், நாங்கள் கட்டிக் கொடுத்த பத்தாம் நாளே இரண்டாம் குழியின் விளிம்பை அரிவாள் முனையால் கொத்திப் பெரிதாக்கியிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தன் சோற்றுப்பானையைக் கொண்டுவந்து அந்தக் குழியில் வைத்துக் காட்டினார். அப்போதும் சரியாக உட்காரவில்லை. எங்கள் அச்சு ஒரே அளவு. அவர் வீட்டில் எட்டுப் பேர். அவரிடம் பானையைக் காட்டுங்கள் என்று நான் கேட்டிருந்தால் அந்த அடுப்பு பிழைத்திருக்கும்.

குழாயும் அப்படித்தான். ஒரு மாதம், இரண்டு மாதத்தில் உள்ளே கரி அப்பிக்கொள்ளும். துணி சுற்றிய நீளக் கம்பு விட்டுத் துடைக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்க யாரும் திரும்பிப் போகவில்லை, நானும் போகவில்லை. அடைத்த குழாயோடு இருக்கிற அடுப்பு சாதாரண அடுப்பைவிட மோசமாகப் புகையும். உங்கள் அம்மா இடித்தது நியாயம்தான் ஐயா.

ஆனால் அடுப்பின் அறிவியல் பொய்யில்லை. சாதாரண மண் அடுப்பில் விறகின் சூட்டில் 10, 15 சதவீதம்தான் பானைக்குள் போகிறது. இப்போது விற்கிற இரும்பு, பீங்கான் உள்வளையம் வைத்த அடுப்புகளுக்கு பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பு குறைந்தபட்சம் 25 சதவீதம் என்று தரம் வைத்திருக்கிறது. சின்ன மின்விசிறி பூட்டியவற்றுக்கு 35. வாங்கும்போது அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெரிய பானையைக் கையோடு கடைக்கே எடுத்துக்கொண்டு போங்கள். வெட்கப்படவே வேண்டாம்.

நம் பழைய கொடி அடுப்பையும் சொல்லியாக வேண்டும். முன் அடுப்பில் எரித்த தீயின் மிச்சச் சூடு பக்கத்துக் குழிக்குப் போய் அங்கே ரசமோ வெந்நீரோ தயாராகும். எங்கள் அச்சில் இருந்த இரண்டாம் குழியும் அதே யோசனைதான். அந்தக் கிழவி வீட்டில் ஏற்கனவே ஒரு கொடி அடுப்பு இருந்தது. அதை இடித்துவிட்டுத்தான் நாங்கள் கட்டினோம். இது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

திருப்பத்தூர் பக்கம் ஒரு ஏக்கர் மானாவாரி நிலம் சும்மா கிடக்கிறது. விறகுக்கென்றே மரம் வைக்க ஆசை. சவுக்கு போடலாமா? (கே.பி., காரைக்குடி)

சவுக்கு கடலூர், விழுப்புரம் கடற்கரை மணலுக்கு வைரம். வேர் முடிச்சில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும், நாலைந்து வருடத்தில் கைக்கு வரும், நன்றாக நின்று எரியும். ஆனால் சாதாரணச் சவுக்கு வெட்டினால் தூரிலிருந்து சரியாகத் துளிர்க்காது. ஒவ்வொரு தடவையும் தூரைத் தோண்டி, மறுபடி கன்று வாங்கி, மறுபடி தண்ணீர் விட்டுக் காப்பாற்ற வேண்டும். உங்கள் மானாவாரிச் செம்மண்ணில் அது செலவு.

வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம்தான் உங்களுக்கு வேண்டியது. வேம்பு, வாகை, கொடுக்காப்புளி. வேலியோரம் கிளைரிசிடியா, அதற்கு விதைகூட வேண்டாம், மழைக்கு முன்னால் போத்து வெட்டி ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், தழை வயலுக்கு உரமாகும். சவுண்டலும் வேகமாக வரும், ஆனால் விதை கொட்டி நிலம் முழுக்க முளைத்துத் தொல்லை கொடுக்கும். ஆடு வைத்திருந்தால் மட்டும் போடுங்கள்.

எனக்கு 40 சென்ட் இருக்கிறது. ஐந்து பாத்தியாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு பாத்தி மட்டும் வெட்டுகிறேன். ஆறாவது வருடம் முதல் பாத்திக்குத் திரும்பும்போது அங்கே ஐந்து வருட வளர்ச்சி நிற்கிறது. போன வருடம் ஒரு பாத்தியில் காய்ந்த எடையாக ஏறத்தாழ ஒரு டன் கிடைத்தது. எங்கள் வீட்டில் வெந்நீருக்கும் மாட்டுக்கும் அது தாராளம். முழுச் சமையலும் விறகில் செய்கிற ஐந்து பேர் குடும்பத்துக்குச் சாதாரண அடுப்பில் நாளைக்கு நாலைந்து கிலோ ஆகும், அதாவது வருடத்துக்கு ஒன்றரை டன்னுக்கு மேல். உங்கள் ஒரு ஏக்கர் அதற்குப் போதும்.

வெட்டும் முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். முழங்கால் உயரத்தில், சாய்வாக, தண்ணீர் வழிந்தோடுகிற மாதிரி ஒரே வீச்சில். மழுங்கின அரிவாள் பட்டையைக் கிழித்துவிடும். கிழிந்த தூர் அழுகும். துளிர்த்து வருகிறதில் திடமான இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றதை ஒடித்துவிடுங்கள். பேராசைப்பட்டு இரண்டு பாத்தியை ஒரே வருடத்தில் வெட்டாதீர்கள். நான் ஒரு கல்யாணச் சமையலுக்காக அப்படி வெட்டிவிட்டு, கணக்கு நேராவதற்கு மூன்று வருடம் காத்திருந்தேன்.

சீமைக்கருவையை ஒழிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் விறகு, அதுதான் கரிமூட்டம், அதுதான் கூலி. உங்கள் கருத்து? (ஜி.டி., முதுகுளத்தூர்)

1870-களில் வெள்ளைக்கார வன அதிகாரிகள் வெளிநாட்டிலிருந்து விதை தருவித்து அன்றைய சென்னை மாகாணத்தில் ஊன்றிய மரம் இது. விறகுப் பஞ்சத்துக்கு என்றுதான் கொண்டுவந்தார்கள். அந்த வேலையை அது செய்துவிட்டது, அதற்கு மேலும் செய்துவிட்டது. கண்மாய்க்குள், வரத்துக்கால்வாய்க்குள் அது நிற்க எந்த நியாயமும் இல்லை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது நான் சந்தோஷப்பட்டவள்தான்.

ஆனால் மேட்டில் நிற்கிறதை ஒரே நாளில் ஜே.சி.பி. வைத்துப் பிடுங்கிப் போட்டுக் கொளுத்துவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஊரே இரண்டு வருடம் எரிக்க வேண்டிய விறகு ஒரே ராத்திரியில் சாம்பல். மறுநாளிலிருந்து அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? மிச்சமிருக்கிற வேம்பிலும் நாட்டுக்கருவேலிலும் கை வைப்பார்கள். நீர்நிலையை முதலில் சுத்தம் செய்யுங்கள். மேட்டில் ஒரு பக்கமிருந்து வெட்டி எரித்துக்கொண்டே, காலியான இடத்தில் வேம்பும் வாகையும் வைத்து வளர்த்து, அது கைக்கு வந்த பிறகு அடுத்த பக்கம் போங்கள். புதிதாக மட்டும் ஒரு சீமைக்கருவை விதைகூட ஊன்ற வேண்டாம். நெற்று பழுக்கிற காலத்தில் ஆடு தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் முளைக்கும். அதற்கு முன்னால் வெட்டுவது நல்லது.

கரிமூட்டம் பற்றி. ஒரு கிலோ கரிக்கு நாலைந்து கிலோ விறகு போகிறது. விறகில் இருந்த சூட்டில் பாதிக்கு மேல் மூட்டத்திலேயே தீர்ந்துவிடுகிறது. வெளியூர்ச் சந்தைக்கு லாரியில் போக எடை குறைய வேண்டும், அதனால் வியாபாரத்துக்குச் சரி. உங்கள் வீட்டு அடுப்புக்குக் கரி போட வேண்டாம், காய்ந்த விறகே லாபம். மூட்டம் போடுகிறவர்கள் வெள்ளைப் புகை அடங்கி நீலம் தட்டுகிறதா என்று இரவெல்லாம் விழித்துப் பார்க்கிற வேலை அது. அந்த உழைப்புக்குக் கிடைக்கிற கூலி போதாது.

இன்னொன்று, குளிருக்கென்று கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கவே கூடாது. கரிக்குப் புகை தெரியாது, வாசனை தெரியாது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

மரம் எரித்தால் கார்பன் கணக்கில் பூஜ்யம் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. சரியா? (கல்லூரி மாணவர், மதுரை)

பாதி சரி தம்பி. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். ஒரு கிலோ எரிந்தால் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு 14.2 கிலோ சிலிண்டர் செய்கிற வேலைக்குச் சாதாரண மண் அடுப்பில் ஏறத்தாழ 200 கிலோ காய்ந்த விறகு வேண்டும். 200-ஐ 1.8-ஆல் பெருக்கினால் 360 கிலோ. சிலிண்டர் கேஸ் எரிந்தால் சுமார் 43 கிலோதான். வெட்டின மரம் மறுபடி வளரவில்லை என்றால் விறகு கேஸைவிட எட்டு மடங்கு மோசம். தூர் துளிர்த்து ஐந்து வருடத்தில் பழைய அளவுக்கு வந்துவிட்டால் அந்த 360-ஐ மரமே திரும்ப எடுத்துக்கொள்கிறது. நல்ல அடுப்பில் எரித்தால் எடுக்க வேண்டியதே பாதிதான்.

ஆக, "பூஜ்யம்" என்பது தானாக வராது. சாலையோரத்து அறுபது வருடப் புளியமரத்தை வெட்டி எரித்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. திரும்பி வர அறுபது வருடம் ஆகும். இங்கிலாந்தில் யார்க்ஷயரிலுள்ள டிராக்ஸ் மின்நிலையம் நிலக்கரியை விட்டுவிட்டு, கடல் கடந்து அமெரிக்காவிலிருந்து வருகிற மரத்துகள் வில்லைகளை எரிக்கிறது. அங்கேயும் சண்டை இதே கேள்வியைப் பற்றித்தான்: வெட்டின காடு எப்போது திரும்பி வரும்? உங்கள் ஆசிரியரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். புகையிலுள்ள கரித்துகளும் வெப்பத்தைக் கூட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விறகுச் சாம்பலை என்ன செய்யலாம்? (எல்.ஆர்., மானாமதுரை)

சலித்து, கரித்துண்டை எடுத்துவிட்டு, உளுந்து, பாசிப்பயறு விதையோடு கலந்து பானையில் வையுங்கள், வண்டு அண்டாது. வாழைக்கும் தென்னைக்கும் தூரில் கொஞ்சம் தூவலாம், சாம்பல்சத்து கிடைக்கும். களர் நிலத்தில் மட்டும் போடாதீர்கள், சாம்பலே காரம். பிளாஸ்டிக் பையைப் போட்டு அடுப்பு பற்றவைக்கிற பழக்கம் வீட்டில் இருந்தால் அந்தச் சாம்பலை எதற்கும் தொட வேண்டாம். பற்றவைக்கப் பன்னாடையும் காய்ந்த தென்னம்பாளையும் போதும். மானாமதுரையில் அதற்கா பஞ்சம்?